இடப்பக்கம் நான்கு வரிசை

ஓப்பியா சிலையை மூடியிருந்த துணியை இழுத்ததும் தலூசாவின் கண் முகத்துக்குப் போகவில்லை, நேரே தலைமுடிக்குத்தான் போனது. பதினான்கு வருடமாக அடுத்தவர் தலையை வாரியே காலம் தள்ளுகிறவளுக்குக் கண் வேறெங்கே போகும்?

"பார்த்தியா? யாராவது கண்டுபிடிப்பாங்களா இவளை?" என்றாள் ஓப்பியா.

பளிங்கு முகம் ஒரு கிழவியுடையதாக இருந்தது. கன்னம் ஒட்டியிருந்தது, வாயோரம் இரண்டு கோடு, கண்ணுக்குக் கீழே பை. பத்து நாளைக்கு முன்பு இதே கல்லில் இருந்தது ஓப்பியாவின் ஒரே மகள் விபியா. இருபத்தாறு வயது, மொழுமொழுவென்ற கன்னம், யாரையும் மதிக்காத உதடு.

அந்த விபியாவைத்தான் போன வருடம் ராஜத் துரோகி என்று தீர்ப்புச் சொல்லி ஒரு பாறைத் தீவில் கொண்டுபோய் விட்டார்கள். நாலே மாதத்தில் செத்துப்போனாள். செத்தும் விடவில்லை. அவள் பெயரை எங்கிருந்தாலும் சுரண்ட வேண்டும், அவள் சிலை எங்கிருந்தாலும் உடைக்க வேண்டும், ஒளித்து வைக்கிறவர்களும் துரோகிகளே என்று செனட் சபை ஆணை போட்டது. வீடு வீடாகச் சோதனை நடந்தது. இன்று காலை ரோம் நகரத்துச் சீலியன் குன்றில் ஓப்பியா வீட்டின் முறை.

மற்றவர்களாக இருந்தால் கல்லை உடைத்து டைபர் ஆற்றில் போட்டுவிட்டு, விதியே என்று உட்கார்ந்திருப்பார்கள். ஓப்பியா உடைத்துவிட்டதாகச் சொன்னாள், உடைக்கவில்லை. சிற்பியை வரவழைத்துத் தோட்டத்து அறையில் பூட்டி, மகளைத் தன் தாயாக மாற்றச் சொன்னாள். தாய் செத்து இருபத்திரண்டு வருடமாயிற்று, அவள் முகம் இப்போது யாருக்கு ஞாபகம் இருக்கப் போகிறது? சிற்பிக்கும் வேறு வழியில்லை. பளிங்கில் எடுக்கத்தான் முடியும், சேர்க்க முடியாது. இளையவளைக் கிழவியாக்கலாம், கிழவியை இளையவளாக்க முடியாது.

"எங்கம்மா மாதிரியும் இருக்கா, எம்பொண்ணு மாதிரியும் இருக்கா," என்றாள் ஓப்பியா. குரல் உடைந்தது. "கிழவியாகியிருந்தா இப்படித்தான் இருந்திருப்பா, இல்ல?"

தலூசாவுக்கு அழுகை வரவில்லை. விபியாவுக்காக அழ அவளிடம் ஒன்றும் மிச்சமில்லை. சீப்பு கொஞ்சம் சிக்கினால் போதும், கொண்டை ஊசியை எடுத்துத் தலூசாவின் முழங்கையில் குத்துகிற மகராசி அவள். தலூசாவுக்கு வந்தது பயம்.

"அம்மா, முடி," என்றாள்.

"முடிக்கு என்ன?"

"முடியை அப்படியே விட்டுட்டாரே!"

"தொட்டா நொறுங்கிடும்னான். சுருள் சுருளாத் துளை போட்டிருக்காம். முகம் மாறினாப் போதாதா?"

போதாது. நெற்றிக்கு மேலே அடுக்கடுக்காகச் சுருள் நின்றது. வலப்பக்கம் ஐந்து வரிசை, இடப்பக்கம் நான்கு. அந்தக் கணக்கு ரோம் நகரத்தில் எப்படி வந்ததென்று தெரிந்தவள் தலூசா ஒருத்திதான். மூன்று வருடத்துக்கு முன் காய்ச்சலில் விபியாவுக்கு இடக்காதுக்கு மேலே முடி கொட்டிப்போனது. மறுவாரம் ஒரு கல்யாணம். தலூசா யோசித்து யோசித்து, இடப்பக்கம் ஒரு வரிசையைக் குறைத்து, மீதியைச் சாய்த்து இழுத்து, முடி நிறத்துக் கம்பளி நூலால் தைத்து, அந்தச் சொட்டையை மறைத்தாள். கல்யாணத்துக்கு வந்த பெண்கள் வாயைப் பிளந்தார்கள். அடுத்த மாதம் பார்த்தால், முழங்கால்வரை முடி உள்ளவள்கூட இடப்பக்கம் நான்கு வரிசைதான் வேண்டும் என்று தன் வேலைக்காரியை அதட்டுகிறாள்! நொண்டி ஒருத்தி நடந்ததைப் பார்த்து ஊரே நொண்டின கதை. விபியா கொண்டை என்று பெயரும் வைத்துவிட்டார்கள். தீர்ப்பு வந்த பிறகு பெயரை விட்டார்கள், கொண்டையை விடவில்லை.

யார் பெயரில் திரிந்தாலும் அது தன் கை பெற்ற பிள்ளை என்ற கர்வம் தலூசாவுக்கு உண்டு. இன்றைக்கு அந்தப் பிள்ளையே எமனாக வந்து நின்றது. இருபத்திரண்டு வருடத்துக்கு முன் போன கிழவிகள் நடுவகிடு எடுத்துப் பிடரியில் முடிச்சுப் போட்டார்கள். அந்தக் காலத்தவளின் தலையில் மூன்று வருடத்துக் கொண்டை! முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைத்தால்கூட இதைவிட நன்றாக மறையும்.

"அந்தச் சிற்பி ஆம்பளை. கொண்டையை எங்க பார்க்கப் போறான்? நீங்களாவது பார்த்திருக்கக் கூடாதாம்மா?" என்றாள். எஜமானியிடம் பேசுகிற பேச்சில்லை, பயம் பேச வைத்தது.

ஓப்பியா கோபப்படவில்லை. "நான் முகத்தையே பார்த்துக்கிட்டிருந்தேன்டி," என்றாள்.

"உடைச்சிடுங்கம்மா. இன்னும் நேரமிருக்கு. நானே சுத்தியல் கொண்டாரேன்."

"ரெண்டாந்தடவை அவளைக் கொல்லச் சொல்றியா?"

"பிடிபட்டா உங்களைத் தீவுக்கு அனுப்புவாங்க. எங்களை?"

எங்களை என்ன செய்வார்கள் என்பது ஓப்பியாவுக்கும் தெரியும். அடிமையின் வார்த்தை சபையில் சும்மா ஏறாது. கயிற்றில் கட்டி இழுத்து, எலும்பு கழலும்போது சொன்னால்தான் அது சாட்சி. துரோக வழக்கு என்றால் சொந்த எஜமானுக்கு எதிராகவே இழுத்துக் கேட்பார்கள். பக்கத்து வீட்டு நெசவுக்காரி ஒருத்தி அங்கே போய்த் திரும்பி வந்தாள், உயிரோடுதான் வந்தாள். இன்றுவரை அவள் கை வாய்வரை எழும்புவதில்லை, யாராவதுதான் ஊட்டுகிறார்கள். தலூசா தன் பத்து விரலையும் பார்த்தாள். சொத்து, சுகம், பிழைப்பு எல்லாம் அந்தப் பத்துதான்.

"ஒண்ணும் ஆகாது," என்றாள் ஓப்பியா. "இது மட்டும் நல்லபடியா முடியட்டும், உனக்கு விடுதலை. காஸ்டர் சத்தியமா."

எட்டு வருடத்தில் இது நான்காவது காஸ்டர் சத்தியம். முதல் மூன்றுக்கும் அந்தக் கடவுளும் பதில் சொல்லவில்லை, ஓப்பியாவும் சொல்லவில்லை.

வாசல் காக்கிற ஃபிலேரோஸ் மூச்சிரைக்க ஓடி வந்தான். "வந்துட்டாங்கம்மா! சோதனை போடுற ரூப்ரியுஸ் ஐயா வந்துட்டார். பொண்டாட்டியையும் கூட்டியாந்திருக்கார்."

"பொண்டாட்டி எதுக்கு?"

"விபியாம்மா முகம் தெரிஞ்ச ஆளு வேணுமாம். அந்தம்மாவும் விபியாம்மாவும் ஒரே பந்தியில சாப்பிட்டவங்களாச்சே."

ஆண்பிள்ளை மட்டும் வந்திருந்தால் தப்பித்திருக்கலாம். தலூசா ஓடினாள். இறந்தவர்களுக்குப் படைக்கிற நாட்கள் அவை, வீட்டில் ஊதாப்பூ கூடை கூடையாக இருந்தது. வெள்ளைக் கம்பளிப் பட்டையைக் கல்லின் தலையைச் சுற்றிக் காதுவரை இறக்கிக் கட்டினாள். அதன்மேல் மாலைக்கு மேல் மாலையாகப் போட்டுச் சுருள் ஒன்றுகூடத் தெரியாமல் மூடினாள். முன்னால் உப்பும், திராட்சை ரசத்தில் ஊறின ரொட்டியும் வைத்தாள். முடிச்சு ஒழுங்காக விழுந்தது.

ரூப்ரியுஸ் கெட்டவரில்லை, அதுதான் கஷ்டம். கெட்டவனுக்கு ஏதாவது கொடுத்து அனுப்பலாம். இவர் ஜலதோஷத்தோடு மூக்கைச் சிந்திக்கொண்டு, சட்டம் என்ன சொல்கிறதோ அதை மட்டும் செய்கிற ஆள். பின்னால் ஒரு சிப்பாய் பெரிய சுத்தியலோடு வந்தான். பக்கத்தில் அவர் மனைவி ஹோஸ்தீலியா. தலூசா அவள் தலையைப் பார்த்தாள். வலப்பக்கம் ஐந்து வரிசை, இடப்பக்கம் நான்கு!

"உங்க மகளுக்கு ஒரு சிலை செஞ்சீங்களாமே?" என்றார் ரூப்ரியுஸ்.

"ஆத்துல போட்டாச்சு," என்றாள் ஓப்பியா.

"இது?"

"எங்கம்மா. செத்து இருபத்திரண்டு வருஷமாச்சு."

ரூப்ரியுஸ் மனைவியைப் பார்த்தார். ஹோஸ்தீலியா கல்லின் முன் நின்று கண்ணைச் சுருக்கிப் பார்த்தாள். தலூசா சுவரோரமாக நின்றாள்.

"இல்லைங்க, இது யாரோ கிழவி. விபியாவுக்கு இவ்வளவு லட்சணமான மூக்கு ஏது?"

ஓப்பியாவின் தாடை இறுகியது. மகளைத்தான் சொல்கிறாள், ஆனாலும் வாயைத் திறக்க முடியாது. ரூப்ரியுஸ் மெழுகுப் பலகையில் கோடு கிழித்துவிட்டுத் திரும்பினார். போய்விடுவார்கள், இதோ போய்விடுவார்கள் என்று தலூசா ஜூனோ தேவியை வேண்டினாள்.

"இருங்க," என்றாள் ஹோஸ்தீலியா. "படையல் நாளும் அதுவுமா வந்துட்டு வெறுங்கையோட போகக்கூடாது." கூடையிலிருந்து ஒரு மாலையை எடுத்தாள்.

"நான் போடுறேம்மா, உங்க கை ஈரமாகும்," என்று தலூசா முன்னால் வந்தாள்.

"செத்தவங்களுக்குப் போடுறதை வேலைக்காரி கையில குடுப்பாங்களா? நகரு."

இருந்த மாலைகளை இடம் பண்ணத் தள்ளினாள். ஈரப்பூ கனத்தில் பட்டையும் சேர்ந்து வழுக்கி, மொத்தமும் கல்லின் தோளில் சரிந்தது.

ஹோஸ்தீலியா வரிசையை எண்ணவில்லை, எண்ணத் தேவையுமில்லை. அவள் கை தானாகத் தன் இடக்காதுக்கு மேலே போனது.

"என்ன?" என்றார் ரூப்ரியுஸ்.

"ஒண்ணுமில்ல."

"ஒண்ணுமில்லாததுக்கு எதுக்கு வாயைப் பொளக்குற?" கிட்டே வந்தார். கல்லைப் பார்த்தார், பெண்டாட்டியைப் பார்த்தார், மறுபடி கல்லைப் பார்த்தார். தனியாகப் பார்த்தால் ஆண்பிள்ளைக்குக் கொண்டை தெரியாது. பக்கத்தில் பக்கத்தில் வைத்தால் குருடனுக்கும் தெரியும்.

"உன் தலை மாதிரியே இருக்கே. இதைப் போட்டுக்கத்தானே தினம் விடியக் காலைல ரெண்டு நாழி உட்கார்ற? இதுக்கு என்னவோ பேர் சொன்னியே. விபியா... விபியா கொண்டை!"

அந்தப் பெயரைத் தன் வாயால் சொன்னதும் அவரே ஒரு கணம் திகைத்தார். சிப்பாய் சுத்தியலைத் தோள் மாற்றினான்.

"செத்து இருபத்திரண்டு வருஷமான அம்மாவுக்கு உங்க மக கொண்டை எப்படிம்மா வந்துச்சு?"

இனி ஒரு நொடி போனால் எல்லாம் போச்சு என்று தலூசாவுக்குத் தெரிந்தது.

"ஐயா, அது விபியாம்மா கொண்டை இல்லைங்க," என்றாள். "இந்தப் பெரியம்மா கொண்டைங்க."

எல்லாத் தலையும் அவள் பக்கம் திரும்பின.

"எனக்கு இதெல்லாம் கண்டுபிடிக்க மூளை ஏதுங்க? விபியாம்மாதான் என்னை இந்தக் கல்லு முன்னால நிறுத்தி, எங்க பாட்டி மாதிரியே கட்டுடின்னாங்க. பார்த்துப் பார்த்துக் கட்டினேன். அந்தம்மா வெளியில போய்த் தன்னோடதுன்னு சொல்லிக்கிட்டாங்க. ஊரும் நம்பிடுச்சு."

சொல்லச் சொல்ல நெஞ்சு எரிந்தது. விடிய விடிய விழித்து, விரல் பொத்துப்போகத் தைத்துக் கண்டுபிடித்தது அது. பெற்ற பிள்ளையை ஊரார் பிள்ளை என்று கை காட்டுகிற மாதிரி இருந்தது அவளுக்கு.

"எங்கம்மா காலத்துல நடுவகிடுதானே எடுப்பாங்க?" என்றார் ரூப்ரியுஸ்.

"ரோமாபுரியில எடுப்பாங்க. பெரியம்மா பொறந்தது தெற்கே, கடலோரத்துல. அவங்க பக்கத்துப் பழக்கம்."

ஹோஸ்தீலியாவுக்கு உயிர் வந்தது. துரோகியின் கொண்டையை அல்லவா இத்தனை நாள் துரோகிகளைத் தேடுகிறவரின் பெண்டாட்டி சுமந்து திரிந்திருக்கிறாள்! இப்போது அது கௌரவமான ஒரு கிழவியின் கொண்டையாகிவிட்டது. "அப்படிச் சொல்லு! பார்த்தாலே தெரியலையா, பழைய காலத்து லட்சணம்," என்றாள்.

ரூப்ரியுஸ் மூக்கைத் துடைத்தார். "கோர்வையாத்தான் பேசுற. அடிமைதானே நீ?"

தலூசா தலையைக் குனிந்தாள்.

"அடிமைன்னா நான் எழுத முடியாதே. நாளைக்கு அனுப்புங்கம்மா. கயித்துல கட்டினப்புறமும் இதே வார்த்தைதான் வருதுன்னா எழுதிக்கிறேன்." மழை வரும் போலிருக்கிறது என்று சொல்கிற குரலில் சொன்னார்.

இந்த வார்த்தை அங்கே வராது என்று தலூசாவுக்கு நன்றாகத் தெரியும். முதல் இழுப்பிலேயே கல்லையும் சிற்பியையும் எஜமானியையும் கக்கிவிடுவாள். கக்கின பிறகும் இழுப்பார்கள், உண்மைதானா என்று பார்க்க. ஓப்பியாவின் முகத்தைப் பார்த்தாள். ஓப்பியா அவளைப் பார்க்கவில்லை, கல்லைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அவ அடிமை இல்ல," என்றாள் ஓப்பியா.

"என்னது?"

"விடுதலை குடுத்துட்டேன். டிசம்பர்ல, சாட்டர்ன் திருவிழா விருந்துல, சிநேகிதங்க முன்னால சொன்னேன். சட்டத்துல அது செல்லும் இல்ல?"

"செல்லும். கேட்ட சிநேகிதங்க யாரு?"

ஓப்பியாவுக்குச் சிநேகிதம் என்று யார் இருந்தார்கள்? மகள் துரோகி என்றான பிறகு அந்த வீட்டு வாசலை நாய்கூட மிதிக்கவில்லை.

"நான் இருந்தேன்," என்றாள் ஹோஸ்தீலியா.

ரூப்ரியுஸ் மெதுவாகத் திரும்பினார். "நீயா? அன்னிக்குத் தலைவலின்னு படுத்திருந்தியே."

"இங்க குடிச்சதுலதான் தலைவலி வந்துச்சு. உங்ககிட்டச் சொன்னா திட்டுவீங்க."

அவர் மனைவியின் முகத்தைப் பார்த்தார், அவள் கொண்டையைப் பார்த்தார், நெடுநேரம் பார்த்தார். பிறகு பலகையைத் திறந்து எழுத்தாணியை எடுத்தார்.

"சரி. உன் பேரைச் சொல்லு."

"ஓப்பி..." என்று ஆரம்பித்தவள் நின்றாள். பதினான்கு வருடமாகச் சொன்ன பதில் நாக்கு நுனியில் உருண்டது. ஓப்பியாவோட தலூசா. கடையில், குளியல் கூடத்தில், கோயில் வாசலில் யார் கேட்டாலும் அதுதான் பதில். ஓப்பியாவோட தலூசா அடிமை. விடுதலை பெற்றவளுக்கு எஜமானியின் குலப்பெயர் சொந்தப் பெயராகும், அவள் ஓப்பியா தலூசா. நடுவில் ஒரே ஒரு 'ஓட'. அது வாய் தவறி வந்தால் கை இரண்டும் போகும். எழுத்தாணி மெழுகின்மேல் காத்திருந்தது.

"ஓப்பியா தலூசா," என்றாள்.

அவர் எழுதினார். சாட்சி, என் மனைவி என்று முணுமுணுத்துக்கொண்டே எழுதி, மோதிரத்தால் முத்திரை வைத்து, பலகையை மூடினார். "வா, போகலாம்," என்றார் மனைவியிடம். "வீட்டுக்குப் போனதும் முதல் காரியமா அதைப் பிரிச்சுடு. வேற ஏதாவது போட்டுக்க."

கதவு சாத்துகிற சத்தம் கேட்டதும் ஓப்பியா கல்லைக் கட்டிக்கொண்டு அழுதாள். அந்தப் பள்ளம் விழுந்த கன்னத்தில் தன் கன்னத்தை வைத்துத் தேய்த்துத் தேய்த்து அழுதாள். அப்போது தலூசாவுக்கும் கண் கலங்கிற்று, விபியாவுக்காக இல்லாவிட்டாலும் அந்தத் தாய்க்காக. சிந்திக் கிடந்த பூவை அவள் பொறுக்கவில்லை, நின்றுகொண்டிருந்தாள்.

அழுது முடித்து ஓப்பியா நாற்காலியில் சாய்ந்தாள். "அப்பாடா! தலை கனக்குதுடி. வெந்நீர் வெச்சிட்டு வந்து இந்தக் கொண்டையைப் பிரிச்சு விடு."

"அம்மா, நான்?"

"நீ என்ன?"

"விடுதலைன்னீங்களே."

"அது அந்தாளுக்காகச் சொன்னது. பார்க்கலாம், உயில்ல எழுதி வைக்கிறேன். காஸ்டர் சத்தியமா."

தலூசாவுக்குச் சிரிப்பு வந்தது, கோபத்தில் வருகிற சிரிப்பு. "மெழுகுல எழுதி முத்திரை போட்டு எடுத்துட்டுப் போயிட்டாங்கம்மா. நான் அடிமைன்னா நான் சொன்ன சாட்சி செல்லாது. செல்லலைன்னா அவர் நாளைக்கே திரும்பி வருவார். அந்தச் சுத்தியல்காரனும் வருவான்."

ஓப்பியா நிமிர்ந்து உட்கார்ந்தாள். "மிரட்டுறியா? எம்பொண்ணை வெச்சு என்னையே மிரட்டுறியா?"

"நீங்க கல்லை வெச்சு என் கையைப் பணயம் வெச்சீங்கம்மா. காலைல உடைங்கன்னு கெஞ்சினேன். இந்த வீட்டுல யாரு எலும்பு முறிஞ்சாலும் பரவாயில்ல, கல்லு முழுசா இருந்தாப் போதும்னு இருந்தீங்க. இருக்கட்டும், பெத்த வயிறு. நான் யார்கிட்டயும் போய்ச் சொல்ல மாட்டேன். ஆனா நான் ஓப்பியா தலூசா. நீங்க சொன்னதுதான்."

ஓப்பியா கல்லைப் பார்த்தாள், அவளைப் பார்த்தாள். பதினான்கு வருடத்தில் கண்ணாடிக்குள் பார்க்காமல் நேருக்கு நேராக அவள் முகத்தைப் பார்த்தது அதுதான் முதல் தடவை. தோள் தொய்ந்துபோனது.

"அப்ப என் தலையை யாருடி பிரிப்பா?"

"கேட்டுப் பாருங்க," என்றாள் தலூசா.

"என்ன?"

"நான் சும்மா நிக்கிறேனே, கேட்டுப் பாருங்க."

ஏவி மட்டுமே பழகின வாய் அது. ஓப்பியா உதட்டைக் கடித்தாள், கையிலிருந்த மோதிரத்தைத் திருகினாள். கடைசியில் தரையைப் பார்த்துக்கொண்டு கேட்டாள். "பிரிச்சு விடுறியா, தலூசா?"

"மாட்டேம்மா," என்றாள் தலூசா. கோபமாகச் சொல்லவில்லை. அந்தச் சொல் தன் வாயிலிருந்து வந்தால் எப்படி இருக்கும் என்று கேட்கத்தான் சொன்னாள்.